பாடமாக்கிய அறுநூறு சொற்கள்

எனக்கே இன்னும் முழுதாக விளங்காத ஒன்றைத்தான், சகோதரர்களே, உங்கள் முன் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். முல்லைத்தீவில் மீன் ஏற்றினேன், புளியங்குளத்தில் கிணறு வெட்டினேன். ஒரு வேலையிலும் ஆறு மாதம் நின்றதில்லை. மனைவி முதியோரைப் பராமரிக்கும் வேலை கிடைத்து, மகளோடு லண்டனுக்குப் போனாள். நானும் போவதென்றால் ஆங்கிலப் பரீட்சையில் தேற வேண்டும். இரண்டு முறை தவறினேன்.

"இந்த முறையும் சரிவராட்டி, வேலையை விட்டிட்டு நாங்கள் திரும்பி வாறம்," என்றாள் மனைவி.

பெரிய சொற்களுக்குத்தான் புள்ளி என்று யாரோ சொன்னார்கள். கடினமான அறுநூறு சொற்களைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்கினேன். நெளுக்குளத்தில் எனக்குப் படிப்பித்த ரீச்சர் சிரித்தார்.

"அண்ணை, சோறு சாப்பிட்டதைச் சொல்லவும் கோட்டில சட்டத்தரணி கதைக்கிற சொல்லோ?"

நான் கேட்கவில்லை. 'ஆண்டவரே, ஒரு சொல்லும் மறக்கக் கூடாது' என்று தினமும் முழங்காலில் நின்றேன். சபையும் எனக்காக உபவாசமிருந்தது.

போன ஆவணியில் யாழ்ப்பாணத்தில் பரீட்சை. நான் செய்த கடினமான வேலை ஒன்றைப் பற்றிச் சொல்லும்படி, எதிரே இருந்த பரீட்சகர் அம்மா கேட்டார். வாயைத் திறந்தேன். அறுநூற்றில் ஒன்றும் வரவில்லை. இதற்கா உபவாசம் என்று உள்ளுக்குள் கோபம். எழும்பிப் போக நினைத்தேன். ஏனோ போகவில்லை.

சின்னப் பிள்ளை பேசும் ஆங்கிலத்தில் கிணறு வெட்டியதைச் சொன்னேன். கல் வந்தது. உடைத்தோம். நான் கீழே நிற்க ஒரு பக்கம் இடிந்தது. கயிறு இறக்கினார்கள். அந்த அம்மா மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டு, "பிறகு?" என்று கேட்டார். தண்ணீர் வந்தது என்றேன்.

இரண்டு கிழமையில் முடிவு வந்தது. தேறிவிட்டேன். பேச்சுக்குத்தான் கூடிய புள்ளி.

"எல்லாத்தையும் மறந்துபோட்டோ பாஸ் பண்ணினீங்கள்?" தொலைபேசியில் மனைவி சிரித்தாள், பிறகு அழுதாள்.

மறக்க வைத்தது ஆண்டவரா, என் பயமா? நம் சபைப் பாஸ்ரரிடம் கேட்டேன்.

"எனக்கும் தெரியேல்லை தம்பி. நன்றி சொல்லுங்கோ."

சொல்கிறேன். இப்போதெல்லாம் எப்படித் தர வேண்டும் என்று ஆண்டவருக்கு நான் வழி காட்டுவதில்லை. நீங்களும் கேளுங்கள். கேட்டது வராத அந்த நேரத்தில் மட்டும் எழும்பிப் போய்விடாதீர்கள். அன்று நான் எழும்பியிருந்தால், வருகிற தை மாதம் மகளிடம் போகிறவனாக இங்கே நின்றிருக்க மாட்டேன்.