ஏழாம் நம்பர் மெஷினின் சிவப்புக் கட்டங்கள்

நேற்று மதியம் பழைய நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு சுட்டி அனுப்பியிருந்தார். ஒரே கடற்கரையில் ஆயிரக்கணக்கான பேர் எடுத்த புகைப்படங்களை யாரோ திரட்டி, எடுத்த நேரப்படி அடுக்கியிருக்கிறார். ஒவ்வொரு படமும் நூல் அளவுக்கு மெலிந்து, எல்லாம் சேர்ந்து நாள் முழுக்க நிறம் மாறுகிற ஒரு பட்டையாகத் தெரிகிறது. விரலால் நகர்த்திக்கொண்டே போனேன். காலை ஐந்தரை என்ற இடம் வந்ததும் சுட்டியை மூடிவிட்டேன். அழகான படத்தைப் பாதியில் மூடுகிறவன் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஓசூரில் எனக்கு முதல் வேலை. வண்டி உதிரிபாகம் கடையும் ஒரு தொழிற்சாலையில், தரப் பிரிவில் பயிற்சியாளர். மெஷினில் சூடு தணிக்கப் பாயும் கூலண்டுக்கு ஒரு வாசனை உண்டு, புளித்த மோரில் மண்ணெண்ணெய் கலந்தது போல. சட்டை, டிபன் பாக்ஸ், எங்கள் அறைக் கணினியின் விசைப்பலகை எல்லாவற்றிலும் அது ஏறியிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் நான்கு பேர் அந்தக் கணினியைச் சுற்றி உட்கார்ந்து இணையத்தில் கண்டெடுத்ததைக் காட்டிக்கொள்வோம். மழையை நிறமாகத் தீட்டிய வரைபடம், தண்ணீர்த் துளி உடைகிற கணத்தில் எடுத்த படம், இப்படி ஏதாவது. எனக்குத்தான் பித்து அதிகம். எந்தக் கிழமை உப்புமா மிஞ்சுகிறது என்று கட்டம் போட்டு, நிறம் தீட்டி, கேன்டீன் சுவரில் ஒட்டினேன். கேன்டீன்காரர் ஒரு வாரம் எனக்குச் சட்னி ஊற்றவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பழுதான பாகங்களை ஆபரேட்டர்கள் மெஷின் பக்கத்தில் இருக்கும் சிவப்புத் தட்டில் போடுவார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை தட்டை எண்ணி, டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்து, மெஷின் முன்னால் நிற்பவர் பெயரில் எழுத வேண்டும். காலை ஆறு மணித் தட்டு என் பொறுப்பு. மூன்று மாதக் கணக்கை எடுத்து உப்புமாவுக்குச் செய்ததையே இதற்கும் செய்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரிசை. பழுது கூடக்கூடச் சிவப்பு கூடும். ஒரு நாள் காலை, மேனேஜர் பாராட்டுவார் என்ற நப்பாசையில், அதை நோட்டீஸ் போர்டில் குத்திவைத்தேன்.

தாள் முழுக்க வெளிறிக் கிடந்தது. ஒரே ஒரு வரிசை மட்டும் ரத்தச் சிவப்பு. ஏழாம் நம்பர் மெஷின், ரத்னம்மா.

ரத்னாக்கா பாகலூர்ப் பக்கம். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். ஒப்பந்தத் தொழிலாளி. மகள் பர்கூர் இன்ஜினியரிங் காலேஜில் முதல் வருஷம், இந்த வேலையை நம்பித்தான் சேர்த்திருந்தார். மேனேஜர் போர்டின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். "சூப்பரா போட்டிருக்கப்பா. இந்தம்மாவ இந்த மாசத்தோட நிறுத்திடலாம். ஒன்றரைக்கு மீட்டிங், எல்லாரையும் வரச்சொல்லு" என்றார். நான் கேட்ட பாராட்டு இது இல்லை.

அறைக்கு ஓடினேன். வேறென்ன செய்வது என்று தெரியாமல் தட்டுப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் கூட்டத்தில் ஒருவன் கண்டெடுத்திருந்தான், ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நேரம் விநாடி வரைக்கும் ஒளிந்திருக்கும் என்று. பார்த்தேன். காலை ஆறு மணி நான்கு நிமிஷம், பதினொரு பழுது. ஆறு மூன்று, பதின்மூன்று பழுது. ரத்னாக்காவின் ஷிப்ட் ஆரம்பிப்பதே ஆறு மணிக்கு. ஒரு பாகம் கடைய நான்கு நிமிஷம் ஆகும். நான்கு நிமிஷத்தில் பதினொரு பாகத்தை எந்த மனுஷியாலும் கெடுக்க முடியாது. அது அவருக்கு முன்னால் வேலை பார்த்தவரின் தட்டு. அதில் ரத்னாக்கா பெயரை எழுதியது என் கை.

பன்னிரண்டு மணிக்கு மெஷினுக்குப் போய்க் கேட்டேன். அவர் கண்ணை வேலையிலிருந்து எடுக்கவில்லை.

"செல்வம் தட்டு சார் அது. அவன் பர்கூரு. அஞ்சே முக்கா பஸ்ஸ உட்டா அடுத்தது எட்டு மணிக்கு மேலதான் போவுது. அவன் பொண்டாட்டி கிரானைட் பாலிஷ் கம்பெனிக்கு ஏழரைக்குக் கெளம்பணும், கைக்கொழந்தய இவன் வாங்கணும். அதான் நான் அஞ்சரைக்கே வந்து நின்னுக்கறன்."

"இத மீட்டிங்ல சொல்லணும்க்கா."

"சொன்னா அவன தூக்கிடுவாங்க. போனீ சார், நான் வேற எங்கனா பாத்துக்கறன்."

'போகட்டும்' என்பதைத் தெலுங்கில் அவ்வளவு லேசாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. இன்னும் ஒன்றரை மணி நேரம். இருவரில் ஒருவரைக் காட்டிக்கொடுத்தே தீர வேண்டுமா என்று யோசித்தபடி திரும்பி வந்து, அதே கணக்கை வேறு மாதிரி அடுக்கினேன். இந்த முறை வரிசையில் பெயர் இல்லை, நேரம் மட்டும். அச்சடித்து வந்த தாளில் ஆறு மணி வரிசை எல்லா மெஷினிலும் சிவந்திருந்தது. மற்ற மெஷின்களில் நான் தட்டை எண்ணும்போது நைட் ஷிப்ட் ஆள்தான் நிற்பார், அந்த ஆட்களும் வாரம் மாறுவார்கள். அங்கே பழுது பல பெயர்களுக்குப் பிரிந்து வெளிறிவிட்டது. செல்வம் கேட்டு வாங்கிக்கொண்டது நிரந்தர நைட். ரத்னாக்காவும் தினமும் அதே இடம், அதனால் அந்தத் தட்டு மொத்தமும் அவர் ஒருவர் பெயரில் விழுந்தது. ஸ்டோர் ஆறு மணிக்குத்தான் திறக்கும், பாகம் கடைகிற டூல் தேய்ந்தால் புதியது அப்போதுதான் கிடைக்கும். விடியற்காலையில் எல்லோரும் தேய்ந்த டூலோடுதான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தப்பு ஆள் மேல் இல்லவே இல்லை.

ஒன்றரைக்கு இரண்டு தாளையும் வைத்துச் சொன்னேன். திக்காமல் சொல்லிவிட்டேன். மேனேஜர் நல்ல மூளைக்காரர், உடனே பிடித்துக்கொண்டார். "இனிமே ஸ்டோர நாலு மணிக்குத் தொறக்கச் சொல்லுங்க" என்றார். ரத்னாக்காவின் தோள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன். தாளை மடிக்கும்போதுதான் மேனேஜர் என்னிடம் கேட்டார்.

"நீ தட்ட எண்ணி முடிக்கிற வரைக்கும் செல்வம்தான மெஷின்ல இருக்கணும்? நீ ஏன் இந்தம்மா பேர எழுதின?"

எதையாவது சொல்லியிருக்கலாம். செல்வம் கை கழுவப் போயிருந்தார் என்றால் முடிந்தது. ரத்னாக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணக்கு சரி என்று நிரூபித்த மிதப்பில் இருந்தேன், அதுதான் உண்மை. "பஸ்ஸுக்காக அஞ்சரைக்கே போயிடுவாரு சார்" என்று சொல்லிவிட்டேன்.

யாரையும் வேலையை விட்டுத் தூக்கவில்லை. ஒரு விதி மட்டும் வந்தது: ஆறு மணிக்கு இரண்டு பேரும் நேருக்கு நேர் கையெழுத்துப் போட்டு மெஷினை மாற்றிக்கொள்ள வேண்டும், அதற்கு முன்னால் அடுத்த ஷிப்ட் ஆளை கேட்டுக்குள் விடக்கூடாது.

மறுநாள் நான் சீக்கிரம் போனேன். ரத்னாக்கா வழக்கம்போல் ஐந்தரைக்கே வந்து, கேட்டுக்கு வெளியே டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பர்கூர் போகிற ஐந்தே முக்கால் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. உள்ளே செல்வம் பாகம் கடைந்துகொண்டிருந்தார்.

ஒரு மாதத்தில் செல்வம் தானாகவே வேலையை விட்டார். போகிற நாள் என்னிடம் வந்து, "உங்க மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லீங்க சார், கொழந்தைக்கு ஆள் இல்ல, அவ்வளவுதான்" என்றார். திட்டியிருந்தால் இத்தனை வருஷம் மனதில் கிடந்திருக்காது.

இப்போது அங்கே சிவப்புத் தட்டு கிடையாது என்கிறார்கள். மெஷினே எண்ணி, படம் எடுத்து, நேரத்தோடு திரைக்கு அனுப்பிவிடுகிறது. யார் பெயரையும் யாரும் தப்பாக எழுத முடியாது. நல்ல ஏற்பாடுதான். அந்தத் தொழிற்சாலையில் ஒருவருக்காக இன்னொருவர் வந்து நின்ற அரை மணி நேரம் மட்டும் எந்தத் தாளிலும் ஏறாமலே போய்விட்டது. செல்வம் போன மறுநாளிலிருந்து ரத்னாக்கா ஆறு மணிக்குத்தான் வந்தார்.