காற்றுக் கிணற்றில் அடைத்த பஞ்சு

எண்பதுகளின் தொடக்கத்தில் சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்குவதற்குள் ஒருவன் கல்யாணம் முடித்துப் பிள்ளையும் பெற்றுவிடலாம். பக்கத்து ஆலங்குளத்திலேயே சிமெண்ட் தயாரானாலும் பெர்மிட் இல்லாமல் ஒரு மூட்டை நகராது. அதனால் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்காக மாடிக் குடியிருப்பு வரைந்தபோது, முடிந்த இடத்திலெல்லாம் செங்கல்லையும் சுண்ணாம்பையும் வைத்தே ஒப்பேற்றினேன். கார்பனைக் குறைக்கும் கட்டடம் என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்த கார்பன், டைப் அடிக்கும் தாள்களுக்கு நடுவில் செருகுவதுதான்.

இடம் குறுகல், குடும்பங்கள் அதிகம். ஆகவே கட்டடத்தின் நடுவில் தரையிலிருந்து மொட்டை மாடி வரை திறந்த ஒரு கூடு விட்டேன். மேற்கு ஜன்னலில் நுழையும் மலைக்காற்று வீட்டைக் கடந்து, பின்சுவரின் உச்சியில் உள்ள துவாரம் வழியாக அந்தக் கூட்டுக்குள் போய் மேலே ஏறிவிடும். கொத்தனார்கள் அதற்குக் காற்றுக் கிணறு என்று பெயர் வைத்தார்கள்.

“என்ன எஞ்சினியரே, இம்புட்டு இடத்த வானத்துக்கு விட்டுட்டீக?” என்றார் முதலாளி. “ஒரு வருசம் பாப்பேன். சரிப்படலேன்னா அடுத்த கட்டடத்துல இந்த ஓட்டை கிடையாது.”

அவருக்கு அது இடப் பிரச்சினை. எனக்கு மனைவியின் மூச்சுப் பிரச்சினை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் புகை போக வழியில்லை. இளைப்பு வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளை மனதில் வைத்துத்தான் அந்தக் கிணற்றையே வரைந்தேன். தை மாதம் முதல் மாடியில் எங்களுக்கும் ஒரு வீடு கிடைத்தது. பங்குனி வரை அவள் மாத்திரையைத் தொடவில்லை. நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

சித்திரையில் இளைப்பு திரும்பியது. ஆடியில் முற்றியது. வெளியே அம்மியைத் தூக்குகிற காற்று. வீட்டுக்குள் காலண்டர் தாள்கூட அசையவில்லை. “வீட்ட மாத்திப் பாருங்க” என்றார் டாக்டர். நான் கட்டிய வீட்டை! எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பயம் வந்தது. அந்தக் கிணற்றை மூடிவிடலாம் என்று முதலாளியிடம் நானே சொல்லிவிட்டு, இவளைக் கூட்டிக்கொண்டு பழைய ஊருக்கே போய்விட முடிவு செய்தேன்.

போவதற்கு முன் ஒருமுறை பார்ப்போம் என்று ஸ்டூலில் ஏறித் துவாரத்துக்குள் கையை விட்டேன். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. ஒரு முனையை வெளியே இழுத்தேன். மில் கழிவுப் பஞ்சை அந்த ஊர்த் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணியில் சுற்றி, தலையணை மாதிரி கச்சிதமாகத் திணித்திருந்தது.

“எந்தப் பாவி இத அடச்சான்?” என்று கத்தினேன்.

“நாந்தான்” என்றாள் என் மனைவி. “மேல் வீட்டுத் தம்பி நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து பகல்ல தூங்குதாக. பங்குனிக் கடைசியில மொளகா வறுத்த நெடிக்கு ரெண்டு தடவ இருமினேன், இதுவழியா அப்படியே மேல போச்சு. அவிய தூக்கம் கெட்டுப்போகும்லா?”

மற்ற வீடுகளுக்குப் போய்ப் பார்த்தால் அங்கேயும் பஞ்சு. ஒருவர் ஆட்டுரல் சத்தத்துக்காக அடைத்திருந்தார், ஒருவர் ரேடியோவுக்காக, ஒருவர் பிள்ளை அழுகைக்காக. மில்காரர்கள் கட்டடத்தில் எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டுதான் இருப்பார். ஷிஃப்ட் முடித்து வந்தவரை எழுப்புவது அங்கே பெரிய பாவம். ஊரான் தூக்கத்துக்காக எல்லாரும் தங்கள் மூச்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்த மரியாதைக்கு ஒரு கோடு போட என் பிளானில் இடமே இல்லை.

மேல் வீட்டுக்காரர் அப்போதுதான் எழுந்து கைலியை இறுக்கிக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அண்ணாச்சி, எட்டு மணி நேரம் மிஷின் இரைச்சல்ல நிக்கிறவன் நான். மதினி இருமலுக்கா முழிக்கப் போறேன்? என் கொறட்டை உங்க வீட்டுக்குக் கேக்குமேன்னுல்லா நானும் அடச்சு வச்சிருக்கேன்! வேர்த்துக் கொட்டுது, பிடுங்கிப் போடுங்க.”

சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கப் பஞ்சைப் பிடுங்கினோம். கடைசியாக எங்கள் வீட்டுப் பஞ்சையும் முழுசாக உருவியதும் காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டது. என் மனைவி அதன் கீழேயே பாய் விரித்து உட்கார்ந்துகொண்டாள். அப்பாடா என்று நான் வாய்விட்டே சொன்னேன். அடுத்த கட்டடத்திலும் கிணறு உண்டு என்று பிற்பாடு முதலாளி சொன்னபோதுகூட அத்தனை நிம்மதி இல்லை.

ஆவணி பிறந்து சில நாள் இருக்கும். மேல் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். முகத்தில் கவலை.

“மதினி இருமல் சத்தத்தையே காணுமே, அண்ணாச்சி. ஆஸ்பத்திரியில சேத்துருக்கீகளோ?”

அடுப்படியிலிருந்து அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கிணறு வழியாக மேலே ஏறிப்போவது எங்கள் இருவருக்குமே கேட்டது.