சுண்ணாம்பு கலந்த டிரம்

“இந்த டிரம்மில் வெளிப்பொருள் கலக்கப்பட்டுள்ளது. பாவனைக்கு உகந்ததல்ல.” நான் எழுதினது இவ்வளவுதான். கீழ கையெழுத்து, திகதி. எழுதி பைல்ல போட்டுட்டு டீ குடிக்கப் போனேன். இப்ப நெனச்சாலும் என்னைய நானே செருப்பால அடிச்சிக்கணும் போல இருக்கு.

கண்டிக்குக் கிட்ட, பல்லேகல பக்கம் ஒரு நெருப்புப்பெட்டிக் கம்பெனியில நானும் என் அண்ணனும் வேல செஞ்சோம். அவரு ஸ்டோர்ல, நான் லாப்ல. லாப்புன்னா பெருசா நெனச்சிக்காதீங்க. ஒரு தொட்டி, ஒரு தராசு, சாம்பிள் வைக்க ஒரு அலுமாரி, ஆடுற கதிரை ஒண்ணு. எங்க வீடு இருக்கிற மஹய்யாவயிலருந்து காலையில ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போவோம். கேட்டுக்குள்ள கால வச்ச உடனே அவரு என்னைய “மிஸ்”னு கூப்பிட ஆரம்பிச்சிருவாரு. மத்தவங்க முன்னாடி எனக்கு மரியாத கிடைக்கணுமாம். “சும்மா இருங்கண்ணே”ன்னு முறைச்சா, “சரிங்க மிஸ்”னு இன்னும் சத்தமா சொல்லுவாரு.

எங்கப்பா நகர சபையில வேல செஞ்சவரு, நான் சின்னப் புள்ளயா இருக்கையிலயே செத்துப் போயிட்டாரு. அண்ணன் ஓ லெவலோட படிப்ப விட்டுட்டு வேலைக்குப் போய்த்தான் என்னைய ஏ லெவல், டெக்னிக்கல் கொலேஜ் எல்லாம் படிக்க வச்சாரு. கெமிஸ்ட்ரி படிக்கச் சொன்னதும் அவருதான். டிப்ளோமா வாங்கின அன்னைக்கு அந்தத் தாள ஸ்டோர்ல இருந்த அத்தன பேருக்கும் காட்டியிருக்காரு. அப்படிப்பட்ட மனுசன்.

நெருப்புப்பெட்டி பக்கத்துல குச்சிய ஒரசுற பட்ட இருக்குதுல்ல, அதுக்குச் சிவப்பு பொஸ்பரஸ் வேணும். வெளிநாட்டுலருந்து டிரம் டிரம்மா வரும், மிளகாத்தூள விடக் கொஞ்சம் கறுத்த தூள். காஞ்சு கெடந்தா சாது. ஈரக்காத்து பட்டுச்சோ, தொலைஞ்சிச்சு. மெல்ல மெல்ல அமிலமாகி, சேறாப் போயிரும். கூடவே ஒரு வாயு கிளம்பும். வெள்ளப்பூண்டும் அழுகின மீனும் சேந்த வாட. அமிலம் இரும்பத் தின்னும், அந்த வாயு செம்பையும் பித்தளையையும் தின்னும். எங்க ஸ்டோர் பூட்டு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா பச்ச புடிச்சு இறுகிப் போயிரும். லைட் சுவிச்சு சும்மா சும்மா செத்துப் போகும். இரும்பு ஒரசினா பொறி வரும்னு தூள் அள்ளப் பித்தளக் கரண்டிதான் வச்சிருப்போம். அதுவும் ஓட்ட ஓட்டயா அரிச்சிப் போகும். “என்னைய விட இந்தக் கரண்டிக்குத்தான் சீக்கிரமா வயசாகுது”ன்னு அண்ணன் சொல்லுவாரு.

முன்னெல்லாம் சமாளிச்சிட்டோம். டிரம் வரும், ஆறு மாசத்துக்குள்ள முடிஞ்சிரும். டொலர் இல்லாம நாடே நின்ன அந்த வருசம்தான் மாட்டிக்கிட்டோம். அடுத்த சரக்கு எப்ப வரும்னு யாருக்கும் தெரியல. இருக்கிற டிரம்மத்தான் வருசக் கணக்குல வச்சிருக்கணும். பல்லேகலயில காலையில பனி இறங்கினா பத்து மணி வரைக்கும் போகாது, மத்தியானம் மழ. ஒவ்வொரு டிரம்மாத் தொறக்கத் தொறக்க உள்ள சேறு. மெஷின் நிக்குது. மெனேஜர் அண்ணனுக்கு ரெண்டு எச்சரிக்கைக் கடிதம் குடுத்துட்டாரு. மூணாவது வந்தா வேல போயிரும். அண்ணனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல வேற எங்க போய் வேல தேட? அவரோட கூட்டாளிங்க ஒவ்வொருத்தரா வெளிநாடு போனப்பக்கூட, “நான் கண்டிய விட்டு அசைய மாட்டேன்”னு இருந்தவரு.

ஒரு ஞாயித்துக்கிழம சாயங்காலம் எங்க குசினியில ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தோம். அண்ணி புள்ளைங்களோட கோயிலுக்குப் போயிருந்தாங்க.

“பாப்பா, ஒரு விசயம் சொல்லணும். சிரிக்கக் கூடாது”ன்னாரு.

“சொல்லுங்க.”

“டிரம் ஒழுகுற எடத்துல சுண்ணாம்புத் தூள் தூவுவோம்ல, அந்தச் சுண்ணாம்புல ஒரு கரண்டி விழுந்து கெடந்திச்சு. மத்த கரண்டியெல்லாம் பச்ச புடிச்சிருச்சு, அது மட்டும் பளபளன்னு இருக்கு. நான் யோசிச்சேன். அந்தப் பத்தொம்பதாம் நம்பர் டிரம் இருக்கே, அதுல இப்பத்தான் புளிப்பு ஏறத் தொடங்கியிருந்திச்சு. அத நல்ல தண்ணியில ரெண்டு மூணு தரம் கழுவினேன். அப்புறம் திகன ஊர்ச் சூளையில சுட்ட சுண்ணாம்பக் கரச்சு ஊத்திக் கிண்டி, வடிச்சு, நெழல்ல காயவச்சுத் திருப்பி அடச்சேன். பயப்படாத, எல்லாம் ஈரமா வச்சித்தான் செஞ்சேன். மூணு மாசமாச்சு பாப்பா. இன்னும் மாவு மாதிரி இருக்கு. வாடயே இல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. “வெத்தல போடுற ஆளுக்கு எதப் பாத்தாலும் சுண்ணாம்பு தடவத்தான் தோணும்”னு சொன்னேன். அவரும் சிரிச்சாரு. அப்புறம்தான் எனக்குத் திக்குன்னுச்சு. பொஸ்பரஸும் சுண்ணாம்பு மாதிரிக் காரமும் சேந்தா வாயு கிளம்பித் தானா தீப்பிடிக்கும்னு கொலேஜ்ல படிச்சது ஞாபகம் வந்திச்சு. “அண்ணே, உங்களுக்குப் பைத்தியமா? அது பத்திக்கிச்சின்னா ஸ்டோரோட போவீங்க! படிக்காத வேலைய ஏன் செய்றீங்க?”

‘படிக்காத வேல.’ அந்த வார்த்தைய நான்தான் சொன்னேன். யாரு தயவுல படிச்சேன்னு அந்த நேரம் மறந்து போச்சு. அவரு தட்ட எடுத்துக் கழுவி வச்சிட்டு எழுந்து போயிட்டாரு.

மறுநாள் காலையில பத்தொம்பதாம் நம்பர் டிரம்லருந்து சாம்பிள் எடுத்தேன். ரெண்டு சொட்டு அமிலம் விட்டேன், நுரச்சிச்சு. சுண்ணாம்புதான். அதோட நிறுத்திக்கிட்டேன். தூள் காஞ்சிருக்கா, புளிச்சிருக்கா, வாட இருக்கா, ஒண்ணும் பாக்கல. எனக்குப் பயம். தீயப் பத்தின பயம் பாதி. மீதி, அண்ணன்ங்கிறதால மறச்சிட்டாள்னு நாளைக்கு எவனாவது சொல்லிருவானோங்கிற பயம். லாப்ல இருக்கிற ஒரே தமிழ்ப் புள்ள நான். நேர்மையான பொம்பளன்னு பேரு வாங்கணும்ல? டிரம்ம ஒதுக்கி வச்சிருவாங்க, அவ்வளவுதான்னு நெனச்சி ரிப்போர்ட்ட எழுதினேன். தொறந்தது யாருன்னு கேப்பாங்கங்கிறது இந்தப் படிச்ச மண்டைக்கு எட்டல.

பைல் மெனேஜர் கைக்குப் போயி, பதினோரு மணிக்கெல்லாம் கூப்பிட்டுட்டாங்க. மெனேஜர் ரூம்ல அண்ணன் நின்னுக்கிட்டு இருந்தாரு. “நான்தான் போட்டேன் சேர்”னு அவரே சொல்லிட்டாராம். எங்கிட்ட முன்னாடியே சொன்னத மட்டும் அவருகிட்ட சொல்லல. மெனேஜர் என்னப் பாத்து, சுண்ணாம்பு பட்டா இது தீப்பிடிக்குமான்னு சிங்களத்துல கேட்டாரு. அண்ணன் என் மூஞ்சையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

“ஓவ் சேர்”, ஆமான்னு சொன்னேன்.

பொஸ்பரஸ் டிரம்ல கைவச்சா அன்னைக்கே வீட்டுக்குங்கிறது கம்பெனி சட்டம். அண்ணன் சாவிக் கொத்த மேசையில வச்சாரு. “வாறேன் சேர்”னாரு. அன்னைக்குச் சாயங்காலம் பஸ்ல நான் தனியா வந்தேன்.

வீட்டுல அண்ணி பிடிச்சிக்கிட்டாங்க. “ஒங்கூடப் பொறந்தவருதானே? ஒரு வார்த்த எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே”ன்னு அழுதாங்க. அண்ணன் உள்ளயிருந்து, “அவ வேலைய அவ செஞ்சா, விடு”ன்னாரு. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். நாலு அற விட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

ரெண்டு மூணு மாசம் வேல தேடினாரு. தெல்தெனியவுல ஒரு ஹாட்வெயார் கடையில நின்னாரு, அது சரிப்பட்டு வரல. கடைசியில ஒரு ஏஜன்சி மூலமா கட்டாருக்குப் போயிட்டாரு, சாமான் கிடங்கு ஒண்ணுல மூட்ட தூக்க. போற அன்னைக்குச் சின்னவ வேன் கதவப் புடிச்சிக்கிட்டு விடல. நான் வாசல்ல நின்னேன். “ஒடம்பப் பாத்துக்க”ன்னு பொதுவா எல்லாருக்கும் சொன்னாரு, அதுல நானும் இருந்தேனான்னு தெரியல.

அந்தப் பத்தொம்பதாம் நம்பர் டிரம்ம அழிக்கிறதுக்கு அனுமதி எடுக்கணும். கடிதம் போயி, வந்து, திரும்பிப் போயி, டிரம் பின்னாடி கொட்டகையிலேயே கெடந்திச்சு. ஒரு மழக்காலம் முழுக்கக் கெடந்திச்சு. ஒருநாள் வேற ஒரு சாமான் தேடி அந்தப் பக்கம் போனவ, என்னமோ தோணி மூடியத் தொறந்தேன்.

தூள் காஞ்சு கெடந்திச்சு. விரல்ல ஒட்டல. மூக்க வச்சுப் பாத்தேன், வாட இல்ல. டிரம்மோட உள்பக்கத் தகரத்துல ஒரு பொட்டுத் துருவும் இல்ல. ஸ்டோருக்குள்ள பத்திரமா வச்சிருந்த டிரம்மெல்லாம் அந்த வாரமும் சேறாத்தான் வந்திச்சு. நான் அந்தக் கொட்டகையிலயே குந்திட்டேன்.

வீட்டுக்கு வந்து கொலேஜ் நோட்ட எடுத்தேன். காரத்தோட சேந்தா எரியிற வாயு வரும்னு எழுதியிருக்கு, என் கையெழுத்துதான். மேல தலைப்பு: வெள்ளைப் பொஸ்பரஸ். அடுத்த பக்கத்துல சிவப்புக்கு அப்படி இல்லன்னு நானே எழுதி, கோடு வேற போட்டு வச்சிருக்கேன். வெள்ளைக்குப் படிச்சதச் சிவப்புக்குச் சொல்லிட்டேன். பரீட்சையில எழுதியிருந்தா ரெண்டு மார்க் போயிருக்கும். நான் எங்கண்ணன நாட்ட விட்டு அனுப்பிட்டேன்.

அப்புறம்தான் செய்ய வேண்டியதச் செஞ்சேன். நாலு போத்தல். ரெண்டுல சும்மாத் தூள், ஒண்ணுல சுண்ணாம்பு சேத்தது, இன்னொண்ணுல மக்னீசியம் ஹைட்ரொக்சைட் சேத்தது. ஒவ்வொண்ணுலயும் ஒரு பித்தளத் துண்டக் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்துல ஈரப் பஞ்சு வச்சு மூடினேன். மூணாவது வாரமே சும்மாத் தூள் போத்தல்ல பித்தள கறுத்துப் போச்சு. மத்த ரெண்டுலயும் மாசக் கணக்கா மினுங்கிச்சு. மக்னீசியம் இன்னும் கொஞ்சம் மேல். ஒவ்வொரு திங்கக்கிழமையும் அந்தத் துண்டப் பாத்துப் பாத்து எழுதினேன். ஒவ்வொரு திங்கக்கிழமையும் அழுதேன்.

மெனேஜர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். “இது எங்கண்ணன் கண்டுபிடிச்சது சேர். நான்தான் சோதிக்காமப் பிழையா எழுதினேன்.” அவரு பித்தளத் துண்டுகளத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, “அது பழைய கத மிஸ். இப்ப டிரம் ரெண்டு வருசம் தாங்கும்தானே, அதப் பாருங்க”ன்னாரு. செய்முறையத் தாள்ல எழுதச் சொன்னாங்க. எழுதினேன். ‘தயாரித்தவர்’ங்கிற எடத்துல அண்ணன் பேரப் போடவான்னு கேட்டேன். ஊழியர் இலக்கம் இல்லாத ஆளு பேரு போட முடியாதாம். என் பேரப் போட்டேன்.

கட்டார்ல அவருக்கு வெள்ளிக்கிழம லீவு. அன்னைக்குப் போன் போட்டேன். சுகம் கேட்டுட்டு விசயத்தச் சொன்னேன்.

“மக்னீசியமா? அப்ப திகன சுண்ணாம்பு?”

“திகனக் கல்லுலயும் மக்னீசியம் இருக்குண்ணே. அதான் அவ்வளவு நல்லா நின்னிருக்கு.”

“பாத்தியா! நான் சொன்னேன்ல!” அப்படி ஒரு சந்தோசம் அந்தக் குரல்ல. பக்கத்துல இருந்த யாருக்கோ, “என் தங்கச்சி கெமிஸ்ட்ரி படிச்சவ”ன்னு சொன்னது கேட்டிச்சு.

“மன்னிச்சிருங்கண்ணே. நான் அத எழுதியிருக்கக் கூடாது.”

அவரு எழுந்து வெளிய போயிக் கதவச் சாத்தின சத்தம் கேட்டிச்சு.

“எழுதினதுக்கு நான் கோவிக்கல பாப்பா. எழுதத்தான் வேணும். நான் ஏன் உங்கிட்ட வந்து சொன்னேன்? எனக்கு அது நல்லா இருக்குன்னு தெரியும், ஏன்னு தெரியாது. நீ சோதிச்சுப் பாத்து ஏன்னு சொல்லுவன்னுதான் சொன்னேன். ஒரு வாரம் பாத்திருந்தாப் போதும். நீ பாக்கவே இல்லயே.”

நான் போனக் காதோட அழுத்திப் புடிச்சேன். “சரி, சோறாக்கணும், வைக்கிறேன்”னாரு. வச்சிட்டாரு.

அதுக்கப்புறம் நான் போன் போட்டா எடுக்கிறதில்ல. அண்ணி போனுக்கு வெள்ளிக்கிழம சாயங்காலம் தவறாம வரும். புள்ளைங்க மாத்தி மாத்திப் பேசும். நான் வேலையால வந்து அங்கதான் ஒரு ஓரமா நிப்பேன். போன வெள்ளிக்கிழம சின்னவ, “அத்த இங்கதான் நிக்கிறாங்கப்பா, குடுக்கவா?”ன்னு கேட்டா.

“வேணாம்மா. அத்தைக்கு வேல இருக்கும்”னாரு.

எனக்கு ஒரு வேலயும் இருக்கல.