அரிப்புக்காக வாதாடியவர்

பேருந்து திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிக்கொண்டிருந்தபோது இஸ்ரவேலிடமிருந்து அழைப்பு வந்தது. எஸ்தரின் தம்பி அவர். ஒரு ஐ.டி. நிறுவனத்துக்கு வண்டி ஓட்டுகிறார். "கோமதிக்கா, அக்கா பூட்டாங்க. நீங்க வந்துகினு கீறீங்களா?" என்றார். எஸ்தரைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். நான் வந்து சேரும்வரை பொறுக்கவில்லையே என்று முதலில் எரிச்சல் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது. செங்கல்பட்டு வந்து சேர்வதற்குள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் யாரோ செய்தி போட்டுவிட்டார்கள்: "நோயை அமைதியாகத் தாங்கி இறைவனடி சேர்ந்தார்."

எஸ்தர் எதையும் அமைதியாகத் தாங்கியவர் அல்ல. அவரோடு வேலை பார்த்த எல்லாருக்கும் இது நன்றாகவே தெரியும்.

தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றின் உடலியங்கியல் துறையில் நாங்கள் இருவரும் பல வருடம் ஒரே அறையில் இருந்தோம். நான் திருநெல்வேலிக்காரி. கணவருக்கு அணு ஆராய்ச்சியில் வேலை கிடைத்ததால் கடற்கரைக் குடியிருப்புக்கு வந்தவள். எஸ்தர் அச்சரப்பாக்கத்துப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்து படிக்க வைத்தார்கள். கல்லூரியில் பொதுவான தமிழில்தான் பேசுவார். கோபம் வந்துவிட்டால் வீட்டுப் பேச்சு வெளியே வந்துவிடும். ஆகவே பெரும்பாலான நாட்களில் வீட்டுப் பேச்சைத்தான் கேட்டோம்.

அவருடைய பாடம் வலியும் அரிப்பும். லேசான வலிதான் அரிப்பு என்று வெகுகாலம் நம்பப்பட்டது. நரம்பு பலமாகத் துடித்தால் வலி, மெதுவாகத் துடித்தால் அரிப்பு என்று நாங்களும் மாணவர்களாக இருந்தபோது எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். எஸ்தர் வகுப்பில் ஒன்றைக் கேட்பார்: "வலிச்சா கைய இழுத்துக்கிறோம். அரிச்சா கைய அங்கேயே கொண்டு போறோம். ரெண்டும் ஒண்ணா எப்படி இருக்கும்?"

ஒருநாள் ஊரிலிருந்து பூனைக்காலிக் காய் கொண்டுவந்தார். வேலியோரம் படரும் கொடி அது. காயின் மேலுள்ள பொன்னிற முடி பட்டால் உயிர் போகிறாற்போல் அரிக்கும். இடது கையில் அந்த முடியில் நாலைந்தை ஒட்டிக்கொண்டார். வலது கையில் ஊசி முனையால் ஹிஸ்டமின் வைத்தார். நம் உடம்பில் ஒவ்வாமையின்போது சுரக்கும் பொருள் அது. இரண்டு கையும் அரித்தன. ஹிஸ்டமின் வைத்த இடம் மட்டும் கொசு கடித்ததுபோல் தடித்தது. அடுத்த வகுப்பில், எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும் ஒவ்வாமை மாத்திரையை முன்கூட்டியே விழுங்கிவிட்டு அதையே திரும்பவும் செய்தார். வலது கையில் ஒன்றும் இல்லை. இடது கை அப்படியே அரித்தது. "பாத்துக்கோங்க. அரிப்பு மூளைக்குப் போற வழி ஒண்ணு மட்டும் இல்ல. ஒரு வழிய அடைச்சுட்டு வேலை முடிஞ்சதுன்னு எழுந்து போயிடாதீங்க" என்றார்.

மாணவர் ஒருவரின் அப்பா புகார் செய்தார். துறைத்தலைவர் அந்தச் செய்முறையை நிறுத்தச் சொல்லிவிட்டார். "என் கைதானே சார்?" என்றார் எஸ்தர். செய்முறை நின்றது நின்றதுதான்.

கல்லூரி மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் அவருக்கு நேரடி வேலை கிடையாது. ஆனாலும் மதிய உணவுக்குப் பிறகு அங்கே போய்விடுவார். சிறுநீரகம் பழுதானவர்களில் பலருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். கொக்கிலமேட்டு மீனவர் ஏழுமலை அங்கே வந்துகொண்டிருந்தார். முதுகு முழுக்க நகக் கீறல். "வலின்னா பல்ல கட்ச்சிகினு பட்த்துக்கலாம் டாக்டரம்மா. இது பேஜாரு. தூக்கமே கெடயாது. பொண்டாட்டி பக்கத்துல குந்த மாட்டேன்றா, தொத்து வியாதின்னு நெனச்சிகினு கீறா" என்றார். அவருக்கும் அதே ஒவ்வாமை மாத்திரையைத்தான் வெகுநாளாகக் கொடுத்துவந்தார்கள். எஸ்தர் சிறுநீரக மருத்துவரிடம் பேசினார், பிறகு சண்டை போட்டார். நரம்பு வலிக்கு எழுதும் மருந்தை மிகக் குறைந்த அளவில் டயாலிசிஸ் முடிந்ததும் கொடுக்கவைத்தார். அடுத்த வாரம் ஏழுமலை படுக்கையிலேயே குறட்டை விட்டார். அவர் மனைவியைக் கூப்பிட்டு, இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்று எஸ்தரே சொன்னார்.

எல்லா நோயாளியிடமும் வலியைக் கேட்பதுபோல அரிப்பையும் கேட்க வேண்டும் என்று மருத்துவமனைக் கூட்டத்தில் பேசினார். மூத்த மருத்துவர் ஒருவர் சிரித்தார். "அரிப்புல யாரும் சாகல மேடம்." எஸ்தர் எழுந்து நின்றார். "தூங்காம சாவாங்க சார். வாழப் புடிக்காம சாவாங்க. வலின்னு சொன்னா எல்லாரும் எழுந்து ஓடி வரீங்க, அரிப்புன்னா சிரிக்கிறீங்க." கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது. நானும் அந்த அறையில் இருந்தேன். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

சென்ற ஆண்டு மழை தொடங்கிய சமயம் அவருக்கே அரிக்க ஆரம்பித்தது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும். தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. "இது தோல் இல்ல கோமதி. ஈரல்" என்று அன்றே சொல்லிவிட்டார். நாங்கள் போன தனியார் மருத்துவமனையில், தோல் வறண்டிருக்கிறது, எண்ணெய் தடவுங்கள் என்றார்கள். கூடவே அதே ஒவ்வாமை மாத்திரை. எஸ்தர் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, வேறு இடத்தில் தானாகவே ரத்தம் கொடுத்துப் பரிசோதித்தார். பித்தம் ஏறியிருந்தது. ஸ்கேனில் பித்தக்குழாயை அடைத்துக்கொண்டு கட்டி தெரிந்தது. அறுவை செய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள். குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். பித்தம் வடிய வடிய அரிப்பு அடங்கியது. வலி ஏறியது.

வலிக்கு மார்ஃபின் தொடங்கினார்கள். வலி தணிந்தது. ஆனால் மூக்கும் முகமும் நெஞ்சும் அரிக்க ஆரம்பித்தன. மார்ஃபினில் இது பலருக்கு வருவதுதான். தண்டுவடத்தில் அரிப்பை அடக்கி வைத்திருக்கும் நரம்பணுக்களை அந்த மருந்து ஓயவைத்துவிடுகிறது என்கிறார்கள். பணியிலிருந்த மருத்துவர், ஒவ்வாமை என்று முடிவுகட்டி மார்ஃபினை நிறுத்திவிட்டார். மதியம் நான் போனபோது எஸ்தர் முட்டியை மடக்கிச் சுருண்டு கிடந்தார். இஸ்ரவேல் பக்கத்தில் நின்றுகொண்டு, "சோப்பு மாத்திப் பாக்கலாமாக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கு வேறென்ன தெரியும்?

மருத்துவரைக் கையோடு கூட்டிவந்தேன். எஸ்தர் தலையைத் தூக்கினார். "அலர்ஜின்ற. தடிப்பு எங்க கீது? காட்டு."

"ரிஸ்க் எடுக்க முடியாது மேடம்."

"வலிய நிறுத்துப்பா. அரிப்ப நான் பாத்துக்கிறேன். அதுக்கு எனக்கு நகம் கீது."

மருத்துவர் அசையவில்லை. பெரிய மருத்துவர் மாலையில் வந்து, அதே வகையில் வேறொரு மருந்துக்கு மாற்றினார். அதில் வலியும் அடங்கியது, அரிப்பும் பெருமளவு குறைந்தது. ஒரு தொலைபேசி அழைப்பில் காலையிலேயே முடிந்திருக்க வேண்டிய காரியம். அந்தப் பகல் முழுவதும் அவர் பட்ட வேதனைக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை. "அமைதியாகத் தாங்கி" என்று எழுதியவர் அந்த அறைக்கு வந்திருக்க வேண்டும்.

எனக்கும் அவருக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. அரிப்புக்கென்று தனி நரம்புப் பாதை இருக்கிறது என்பது அவர் கட்சி. பல நரம்புகள் சேர்ந்து துடிக்கும் விதத்தை வைத்துத்தான் மூளை இரண்டையும் பிரித்தறிகிறது என்பது என் கட்சி. உலகத்தில் இன்னும் யாரும் இதை முடித்துவைக்கவில்லை. கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று எஸ்தர் கண்ணைத் திறந்து, "ரெண்டும் ஒரே நேரத்துல கீது கோமதி. தனித்தனியா தெரியுது. நீ தோத்துட்ட" என்றார்.

"ஒரு ஆளுக்குத் தோணுறது சாட்சி ஆகாது" என்றேன்.

"அப்ப நீ வந்து படு."

சிரித்தோம். நாளைக்குப் பதில் சொல்கிறேன் என்று கிளம்பினேன். வீட்டுக்குப் போகும் வழியிலேயே பதில் கிடைத்துவிட்டது. தனித்தனியாகத் தெரிவதால் தனித்தனி கம்பி என்று ஆகிவிடாது. ஒரே நாதஸ்வரத்தில் வரும் இரண்டு ராகமும் நமக்குத் தனித்தனியாகத்தான் கேட்கின்றன. மறுநாள் போனபோது அவருக்கு நினைவில்லை. அதன் பிறகு நினைவு திரும்பவேயில்லை.

எஸ்தரிடமிருந்து எனக்கு மிஞ்சியது சொல்லப்படாத அந்தப் பதில். நல்ல பதில்தான். அவர் உயிரோடு இருந்திருந்தால் ஒரே நிமிடத்தில் அதை உடைத்திருப்பார். எப்படி உடைத்திருப்பார் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.