தவக்காலத்தில் பார்த்த பிரஷர்

புன்னைக்காயலில் வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து எழுதுவதுதான் என் வேலை. நான் நர்ஸ் இல்லை, பயிற்சி எடுத்துக்கொண்ட தன்னார்வலர். ஆனால் அந்த ஊருக்கு நான் நர்சம்மாதான். அப்படிக் கூப்பிடும்போது எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் குளிரும்.

ஒரு வருஷம் கணக்கெடுப்பு தவக்காலத்தில் வந்தது. வேகவேகமாக முடித்தேன். மற்ற நாளில் முகம் உப்பி, கண் சிவந்து திரிந்த ஆட்களுக்குக்கூட எண்கள் ஒழுங்காக இருந்தன. ஆரோக்கியமான ஊர் என்று கூட்டத்தில் மேலதிகாரி பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதில் ஒரு சம்மாட்டி, சொந்தமாக வள்ளம் வைத்திருப்பவர். ஐம்பதைத் தாண்டியவர், பிரஷருக்கு நாலு வருஷமாக மாத்திரை போடுகிறவர். கையில் சுற்றிய பட்டையைக் கழற்றிக்கொண்டே, "நல்லாருக்கு அண்ணாச்சி, ஒரு குறையும் இல்ல" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம் மறுபடி அந்த ஊருக்குப் போனேன். தெருவெல்லாம் கறி வாசனை. முக்கில் நாலைந்து பேர் காலையிலேயே குடித்துவிட்டுச் சந்தோஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்பது நாளும் ஊரே குடியையும் கறியையும் விட்டிருந்தது. நான் அளந்தது அந்த நாற்பது நாளை. இது தெரியாதவளா நான்? என் வீட்டுக்காரரே ஐயப்பனுக்கு மாலை போட்டால்தான் தங்கமான மனுஷன், மாலையைக் கழற்றினால் பழைய ஆள். அவரோடு குடும்பம் நடத்தியும் எனக்குப் புத்தி வரவில்லை.

நேராகச் சம்மாட்டி வீட்டுக்கு ஓடினேன். அவர் மனைவி வாசலில் நின்றார்.

"மாத்திரையா? நீங்கதான நல்லாருக்குன்னு சொன்னிய. அன்னைக்கே நிப்பாட்டிட்டாவளே. இப்பக் கடலுக்குப் போயிருக்காவ."

கடற்கரைக்குப் போய் நின்றேன். ஒவ்வொரு வள்ளமாக வந்தது, அவருடையது வரவில்லை. நடுக்கடலில் தலைசுற்றி விழுந்தால் யார் பார்ப்பார்கள், எத்தனை மணி நேரத்தில் கரைக்குக் கொண்டுவருவார்கள் என்று மனசு கண்டதையும் நினைத்தது. அவர் மனைவிக்கு என்ன பதில் சொல்வேன்? வெயில் சுட்டது, அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

மதியம் தாண்டி வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "யாரு, நர்சம்மாவா? இந்த வெயில்ல இங்கன என்ன சோலி?"

வேலை செய்த உடம்பை உடனே அளந்தால் எண் கூடத்தான் காட்டும். அதனால் வலைக்கொட்டகை நிழலில் கால் மணி நேரம் உட்காரவைத்தேன். பிறகு பார்த்தேன். நம்ப முடியாமல் இன்னொரு தடவையும் பார்த்தேன்.

"இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க அண்ணாச்சி. ரொம்பக் கூடியிருக்கு. அன்னைக்கி நான் பாத்தது தவக்காலத்துல. அத வச்சு நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

அவர் சிரிப்பு நின்றது. திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏலே, எல்லாரும் இங்கன வாங்கல. தவக்காலத்துல பாத்தது செல்லாதாம்."

கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, கேலி பேசிக்கொண்டே வந்து நிழலில் உட்கார்ந்தார்கள். அவர்களும் ஆற வேண்டும் என்று காத்திருந்து, ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்தேன். முதல் ஆளுக்குக் கூடுதல். இரண்டாவது ஆளுக்கும் கூடுதல். மூன்றாவது ஆளுக்கு எண் வந்தபோது யாரும் கேலி பேசவில்லை. அவருக்குப் பின்னால் இன்னும் பதினோரு பேர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு இருந்தார்கள்.