சரோஜாவின் அப்பாவுக்கு நான் போட்ட கார்டு

முதியோர் பள்ளி நண்பர்களே, இந்தப் பலகையில் என் எழுத்து மேலும் கீழுமாக ஓடுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபது வயதுக் கை இப்போதுதான் எழுதப் பழகியிருக்கிறது.

இளம்பிள்ளை வாதம் வந்த பிள்ளைகளின் பள்ளியில், கால்களுக்கு எண்ணெய் தேய்த்து நடக்கப் பழக்குவது என் வேலை. எட்டு வயதுச் சரோஜாவை ஒரு வருஷம் பழக்கினேன். போன வாரம், இரும்புச் சட்டம் பூட்டிய காலோடு, எதையும் பிடிக்காமல் பத்து அடி நடந்தாள்.

சந்தோஷம் தாங்காமல் அவள் அப்பாவுக்குக் கார்டு எழுதினேன். யார் உதவியும் இல்லாமல் நானே எழுதிய முதல் கார்டு.

"உங்கள் மகள் நடக்கிறாள். வந்து பாருங்கள்."

இன்று காலை போத்தனூரிலிருந்து வந்தார். பார்த்தார். கண் கலங்கிக் கும்பிட்டார்.

"ரொம்ப நல்லதுங்க பெரியவரே. அதுதான் நடந்துபோட்டாளே, இனி எதுக்குங்க இங்க? ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேனுங்க."

"இப்ப நிறுத்துனா காலு மறுபடி மடங்கிப் போயிருமுங்க. இன்னும் ரெண்டு வருஷமாச்சும் பழக்கோணும்" என்றேன்.

"நடக்கறாள்னு நீங்கதானுங்களே எழுதியிருக்கீங்க?" என்று கார்டை எடுத்துக் காட்டினார்.

சரோஜா சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு நடக்க வராதுங்கப்பா."

"போக்கிரி! இப்பத்தானே கண்ணு நடந்தே" என்று சிரித்தபடி அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எழுதத் தெரியாமல் இருந்தவரை நான் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை.

அடுத்த வாரம் அவருக்கு மறுபடியும் எழுதுவேன். என்ன எழுதினால் அவளை அனுப்பி வைப்பார் என்று தெரிந்தவர்கள், இதற்குக் கீழேயே எழுதிவிட்டுப் போங்கள்.