காலித் தொட்டிலுக்கு நான் போட்ட மார்க்

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதியதைப் படித்துவிட்டு நிறையப் பேர் பாராட்டியிருந்தீர்கள். 'சாட்டையடி' என்றார் ஒருவர். 'நெத்தியடி' என்றார் இன்னொருவர்.

அந்தப் பாராட்டையெல்லாம் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அடி பலமாகத்தான் விழுந்தது... ஆனால் விழுந்த இடம் தப்பு.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் ஒரு கார்ட்டூனில் ஆரம்பித்தது. என் மகள் நந்தனா பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறாள். வந்த அன்றே லேப்டாப்பைத் திறந்து, ஒரு அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் கிறிஸ்துமஸ் எபிசோடைப் போட்டாள். பெரியவர்களுக்கான கார்ட்டூனாம். இந்த வயதில் எனக்கு பொம்மைப் படமா என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தேன். ஐந்தாவது நிமிஷம் முனகல் நின்றுவிட்டது.

கதை இதுதான். ஒரு ஊரில் கிறிஸ்துமஸ் வியாபாரம் போதவில்லை என்று செப்டம்பரிலேயே பண்டிகையைத் தொடங்கிவிடுகிறார்கள். தொந்தி வைத்த ஒரு அப்பா, பக்கத்து வீட்டுக்காரரைவிடப் பெரிய அலங்காரம் செய்தே தீருவேன் என்று வீட்டுக் கூரை இடியுமளவு லைட் போடுகிறார். சர்ச் மணிக்கே ஒரு கம்பெனி ஸ்பான்சர். இந்த அமளியில் ஊர்க்குடிலில் இருந்த குழந்தை இயேசு பொம்மை காணாமல் போகிறது. மூன்று நாள் யாருமே கவனிக்கவில்லை. கடைசியில் அது ஒரு சூப்பர் மார்க்கெட்டின் 'ரிட்டர்ன்' கவுண்டரில், முதுகில் பார்கோடு ஒட்டியபடி கிடக்கிறது. பில் இல்லாமல் திருப்பித் தர முடியாது என்கிறாள் கவுண்டர் பெண்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். நடுவில் மூன்று முறை விளம்பரம் வந்தது. மூன்றும் கிறிஸ்துமஸ் ஆஃபர்!

அப்போதே என் கை பரபரத்தது. இதை வைத்து எழுத வேண்டும். உடனே எழுத வேண்டும். எனக்கு எப்போதும் உடனே. தனுவச்சபுரம் காலேஜுக்குப் பாடம் நடத்தப் போகும்போது பஸ் வர இரண்டு நிமிஷம் தாமதமானால் ஸ்டாப்பில் நிற்க மாட்டேன், அடுத்த ஸ்டாப்பை நோக்கி நடப்பேன். பாதி வழியில் பஸ் என்னைத் தாண்டிப் போகும். இருபது வருஷமாக இது நடக்கிறது. இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை. எங்கள் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனின் குடில் போட்டி. எங்கள் பக்கம் அதைப் புல்கூடு என்பார்கள். கேரளத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில், எந்தச் சாமி கும்பிடுகிற வீடாக இருந்தாலும் டிசம்பரில் வாசலில் ஸ்டார் தொங்கும். எங்கள் வீட்டிலும் உண்டு. இரண்டு நடுவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல். மிச்சம் நான். பதினொரு வீடு, கையில் மார்க் ஷீட், கூட செயலாளர் சசிதரன் நாயர்.

பத்து வீடுகளில் கடையில் 'செட்'டாக வாங்கிய குடில். மாதா, சூசை, மூன்று ராஜாக்கள், ஆடு மாடு எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் வருகிறது. குழந்தை தொட்டிலோடு சேர்த்தே ஒட்டப்பட்டிருக்கிறது. பிரிக்கவே முடியாது.

பதினோராவது, ஸ்டெல்லாவின் வீடு.

ஸ்டெல்லா எங்களுக்கு மீன் கொடுப்பவள். காஞ்சிரங்குளம் பக்கம் கடலோரத்துப் பெண், கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தவள். காலை எட்டரைக்கு அலுமினியச் சருவத்தில் சாளையும் நெத்தோலியுமாக என் கேட்டைத் தட்டுவாள். நான் அவசரத்தில் இருப்பேன். "டீச்சர் ஓடுங்க, மீனை வெட்டி உள்ள வச்சிட்டுப் போறேன்" என்பாள். இப்படிப் பதினைந்து வருஷம்.

நாங்கள் போனபோது அவள் மார்க்கெட்டில். மகள் ஜின்சிதான் இருந்தாள். நிறைமாசம். குடிலை வாசலிலேயே கட்டியிருந்தார்கள். நிஜ வைக்கோல், நிஜக் கல், சுற்றிலும் நிறைய சீரியல் லைட். நடுவில் வைக்கோலில் கைப்பிடி அளவுக்கு ஒரு பள்ளம். மாதாவும் சூசையும் குனிந்து அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளத்தில் குழந்தை இல்லை.

"டீச்சரே, உள்ள வாங்க. சாயா இடுகேன்" என்றாள் ஜின்சி.

"நேரமில்ல மோளே, இன்னொரு நாள்" என்றேன். மார்க் ஷீட்டில் 'லைட் இருக்கிறது, குழந்தை இல்லை' என்று எழுதிவிட்டு நடந்தேன். நேற்று பார்த்த கார்ட்டூன் என் கண் முன்னாலேயே நடக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரே குஷி. வேறெதையும் யோசிக்கவில்லை.

முதல் பரிசு, அம்பூரியில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒருவருடைய வீட்டு செட்டுக்கு. என் குறிப்புகளைச் சசிதரன் நாயர் அப்படியே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். நான் அன்று மாலையே கட்டுரையை எழுதி அனுப்பினேன். கார்ட்டூனில் தொடங்கி, ஊர்ப்போட்டிக்கு வந்து, 'மீன் விற்கும் என் தோழி ஒருத்தியின் வீட்டிலும் லைட்டுக்கு நடுவே குழந்தையை மறந்துபோனார்கள்' என்று முடித்திருந்தேன். தலைப்பு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 'குழந்தை இல்லாத தொட்டில்'.

பெயர் போடவில்லை. ஆனால் எங்கள் ஊரில் எனக்கு மீன் விற்கும் தோழிகள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?

பத்திரிகை வந்த மறுநாள் எட்டரைக்கு கேட் தட்டப்படவில்லை. "மீனே..." என்ற குரல் தெருமுனையில் கேட்டது, எங்கள் வீட்டை நெருங்கியது, நின்றது. பிறகு அடுத்த வீட்டிலிருந்து கேட்டது. அதற்கு மறுநாளும் அப்படியே. நான் கேட்டுக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன். பால் பொங்கி வழிந்தது. "அம்மா, ஒரு இடத்துல உட்காரேன்... எனக்குத் தலை சுத்துது" என்றாள் நந்தனா. உட்கார முடியவில்லை. என்ன தப்பு செய்தேன்? பார்த்ததைத்தானே எழுதினேன்?

சசிதரன் நாயருக்கு போன் செய்தேன்.

"டீச்சரே, அதிப்போ... உண்ணியேசுக் குழந்தையை இருபத்திநாலாம் தேதி பாதிராப் பூசை முடிஞ்சாக்கும் கிடத்துவாங்க. அதுவரைக்கும் புல்கூடு காலியா இருக்கும். அவங்களுக்க பழைய வழக்கமில்லியா?"

"உங்களுக்குத் தெரியுமா? அப்புறம் ஏன் அன்னைக்கே சொல்லல?"

"டீச்சர் எழுத்துக்காரியில்லியா? என்னமோ காரணம் இருக்கும்னு நினைச்சேன்."

"மார்க்கை மாத்துங்க. முதல் பரிசு அவங்களுக்குத்தான்."

"அய்யோ! பிரைஸ் கேக்கு கொடுத்த பேக்கரிக்காரன் வந்து போட்டோ ஒக்க எடுத்தாச்சு டீச்சரே. கேக்கும் தின்னாச்சு."

போனை வைத்தேன். கன்னம் சுட்டது. அதாவது... பிறக்க வேண்டிய நாளுக்கு மூன்று வாரம் முன்பே, பசை போட்டு ஒட்டிய பிளாஸ்டிக் குழந்தைக்கு முதல் பரிசு கொடுத்திருக்கிறேன். பிறக்கட்டும் என்று காத்திருந்த ஒரே வீட்டுக்குக் கடைசி இடம். பிறகு, பண்டிகையைக் கடைக்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள் என்று கண்டித்துக் கட்டுரையும் எழுதியிருக்கிறேன்! செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸை ஆரம்பித்த அந்த ஊர்க்காரர்களைப் பார்த்துச் சிரித்தேனே... அவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஸ்டெல்லா வீட்டுக்கு ஓடினேன்.

அவள் வாசலில் சருவத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஸ்டெல்லா, எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. பிரைஸ் உனக்குத்தான் வரணும்..."

"பிரைஸா?" சருவத்தைக் கவிழ்த்தாள். "அந்தக் கேக்கு ஆருக்கு வேணும் டீச்சரே? மார்க்கெட்டுல வச்சு ஒருத்தன் பேப்பரை எடுத்து உறக்க வாசிக்கியான். 'குழந்தை இல்லாத தொட்டில்'னு. எல்லாரும் எனக்க முகத்தைப் பாக்கியாங்க. எனக்க வீட்டுல ஒரு பிள்ளை வயித்தைத் தள்ளிக்கிட்டு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? போன வருஷம் ஏழாம் மாசத்துல அவளுக்குப் போனது தெரியாதா? ஆஸ்பத்திரிக்கு எனக்க கூட வந்தது நீங்களாக்கும்!"

எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் இவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்தான். அங்கேயும் என்னால் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை என்பது வேறு விஷயம். அப்படிப்பட்ட நான், நல்ல தலைப்பு கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், அந்த நான்கு வார்த்தை எந்த வீட்டு வாசலில் போய் விழும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கவில்லை. தலைப்பில் நான்கு வார்த்தைகூட இல்லை, மூன்றுதான். அதற்கே இவ்வளவு.

அழுதுவிட்டேன். எழுத்தாளர்கள் பத்தியில் அழக்கூடாது என்பார்கள். நான் தெருவில் அழுதேன், பரவாயில்லை.

"அம்மே, மதி, போதும். டீச்சரை உள்ள விடுங்க."

ஜின்சி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை இடுப்பில். "அன்னைக்கு சாயா குடிச்சிருந்தா நானே சொல்லியிருப்பேன். நீங்கதான் ஓடினியளே" என்றாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது, உதட்டோரம் சிரிப்பும் இருந்தது. எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்தேன். சாயா வந்தது. ஆறும்வரை காத்திருந்து குடித்தேன் என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஜின்சி அடுக்களைக்குப் போய், அரிசிப் பாத்திரத்துக்குள் கையை விட்டு ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்து வந்தாள். பிரித்தாள். உள்ளங்கை நீளத்தில் ஒரு பீங்கான் குழந்தை. பழசு. இடது கையில் இரண்டு விரல் இல்லை.

"இதாக்கும் எங்க உண்ணியேசு. அரிசிக்குள்ள வச்சா உடையாது. எங்க வீட்டுல எப்பவும் அப்பிடித்தான்."

"முன்னாலேயே எடுத்துக் கிடத்தினா என்ன ஜின்சி? எல்லாரும் அப்படித்தானே வைக்கிறாங்க?" அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"நாளு ஆகாம பிறந்தா என்ன ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும் டீச்சரே."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஸ்டெல்லா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, காலி டம்ளரை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனேன்.

"அடுத்த வாரம் எழுதறேன். தப்பு என்மேலதான்னு, எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதறேன்" என்றேன்.

"எழுதுங்க. ஆனா அது போதாது" என்ற ஜின்சி, குழந்தையை மறுபடி துணியில் சுற்றி என் மடியில் வைத்தாள். "நாங்க இதைத் தொலைச்சதாட்டு எழுதினியளே? இருபத்திநாலு வரைக்கும் நீங்க வச்சிருங்க. தொலைக்காம, உடைக்காம கொண்டு வாங்க. நீங்களே கிடத்தணும்."

"நானா? வேண்டாம்மா. என் கையில எதுவும் நிக்காது. உங்க அம்மாகிட்டக் கேளு..."

அடுக்களையிலிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது. "கொண்டு போங்க டீச்சரே. அந்தக் கையும் காலும் சும்மா இருந்து பழகட்டு."

இரண்டு நாளாகக் கேட்காமல் இருந்த அந்த 'டீச்சரே'யில் பழைய கிண்டல் திரும்பியிருந்தது. முழு மன்னிப்பு என்று சொல்ல மாட்டேன். மறுநாள் காலை எட்டரைக்கு கேட் தட்டப்பட்டது என்று மட்டும் சொல்கிறேன். நெத்தோலி.

பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எங்கள் தெருவில் நான் மெதுவாக நடந்ததைப் பார்த்து இரண்டு பேர் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். நந்தனா அடுத்த எபிசோடு போடட்டுமா என்று கேட்டாள். அந்தக் கார்ட்டூன் நல்ல கார்ட்டூன்தான், அதன்மேல் குறை ஒன்றும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு, நம்மைத் தவிர மற்ற எல்லாரும் அதில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோமே, அந்தப் புத்திக்குத்தான் வைத்தியம் வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இதை எழுதும்போது இருபத்திநாலாம் தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. ஜின்சிக்கு டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று வாரம். இரண்டையும் என்னால் அவசரப்படுத்த முடியாது. ஒரு நாளைக்குப் பத்து முறை அரிசி டப்பாவைத் திறந்து, துணி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மூடுகிறேன். படியை உள்ளே விட்டு அரிசி அள்ள மட்டும் தைரியம் வரவில்லை.

இருபத்திநாலு வரை எங்கள் வீட்டில் சப்பாத்திதான்.